மான்சூன்: ஒரு சொல்லும் அதன் பருவங்களும்

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலை நெய்வேலியைக் கடந்து தெற்கே இறங்கி, வெள்ளாற்றைத் தாண்டும் இடம் சேத்தியாத்தோப்பு. ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு. அருகிலேயே சோழர் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரி. அவ்வூர்ப் பள்ளியில் பயிலும் மாணவன் ஒருவனிடம் ‘மான்சூன்’ எனும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால், ‘பருவமழை’ என்று தயங்காமல் சொல்வான். ஐப்பசி பிறந்தால் அணைக்கட்டில் நுரைத்து வரும் செந்நீரைக் கண்டு வளர்ந்தவனுக்கு அந்த விடை மனப்பாடம் செய்து வந்ததன்று; கண்ணால் கண்டு வந்தது. விடை பிழையும் அன்று. இன்றைய ஆங்கில அகராதிகளும் அதையே ஒரு பொருளாகத் தருகின்றன.

ஆயினும் அந்தச் சொல் பிறந்தபோது அதில் மழை இல்லை. காற்றுகூட இல்லை. அது அறபுச் சொல். ‘மவ்ஸிம்’ என்பது அதன் மூல வடிவம். அது மழையாக மாறிய வழியில் மக்காவின் சந்தைகளும், ஏமன் மாலுமிகளின் நாட்கணக்கும், போர்த்துக்கீசியரின் அஞ்சல் கட்டுகளும், நம் பறங்கிப்பேட்டைத் துறைமுகமும் வருகின்றன. அறபி தந்த ஆங்கிலச் சொற்கள் என்று அட்மிரல், மகஸீன், அல்ஜீப்ரா முதலியவற்றை வரிசையாக அடுக்கி மகிழ்வது நம் இதழ்களில் நெடுநாள் வழக்கம். பட்டியல் போடுவதில் பெருமை உண்டு. அறிவு அவ்வளவாக இல்லை. அதற்கு மாறாக, ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதைக் கையாண்ட மக்கள் என்ன தொழில் செய்தார்கள், அத்தொழிலில் அச்சொல் என்ன வேலை செய்தது என்று பின்தொடர்ந்தால் நமது வரலாற்றின் ஒரு பகுதி தெரியவரும் என்பது எமது எண்ணம்.

வேரிலிருந்து தொடங்குவோம். வாவ், ஸீன், மீம் எனும் மூவெழுத்து வேருக்கு ‘அடையாளம் இடுதல்’ என்பது அடிப்படைப் பொருள். ஒட்டகத்தின் உடலில் சூடு வைத்து இடும் குறி ‘வஸ்ம்’. குறியிடும் இரும்பு ‘மீஸம்’. தர்ம ஒட்டகங்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தாலேயே மீஸம் கொண்டு குறியிட்டுக் கொண்டிருந்ததைக் கண்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. திருக்குர்ஆனில் ‘அல்கலம்’ அத்தியாயத்தின் 16ஆம் வசனத்தில் வரும் வினை இவ்வேரினதே. ‘அல்ஹிஜ்ர்’ 75ஆம் வசனத்தில், அடையாளங்களைக் கண்டு உணர்வோரைக் குறிக்கும் ‘முதவஸ்ஸிமீன்’ எனும் சொல்லும் அவ்வாறே. பெயர்ச்சொல்லுக்கு அறபி இலக்கணத்தில் ‘இஸ்ம்’ என்று பெயர். அதுவும் இவ்வேரிலிருந்தே வந்ததென்று கூஃபா இலக்கணிகள் வாதிட்டனர். உயர்வு என்னும் பொருளுடைய ‘ஸுமுவ்வு’ என்பதே அதன் வேர் என்று பஸரா இலக்கணிகள் மறுத்தனர். ஸர்ஃபு பாடத்தின் தொடக்கத்திலேயே மாணவர்கள் கேட்டுப் பழகிய வழக்கு இது.

இவ்வேரில் பிறந்த ‘மவ்ஸிம்’ என்பது குறிக்கப்பட்ட இடம், குறிக்கப்பட்ட வேளை. இப்னு மன்ளூர் (ஹிஜ்ரி 711 / கி.பி. 1311இல் மறைந்தவர்) தொகுத்த ‘லிஸானுல் அரப்’, மக்கள் வந்து கூடும் அடையாளமாக இருப்பதால் ஹஜ்ஜுக் காலத்திற்கு மவ்ஸிம் என்று பெயர் வந்ததென விளக்குகிறது. அதே வேரில், பருவத்தின் முதல் மழைக்கு ‘வஸ்மீ’ என்றொரு பெயர் இருப்பதையும் அது குறிப்பிடுகிறது. வறண்ட நிலத்தில் பசும்புல்லால் குறியிடும் மழை என்பது காரணம். பாலைவன அறபி, மழையை ஒட்டகச் சூட்டுக்கோலோடு ஒப்பிட்டுக் கண்டது வியப்பிற்குரியது. இந்த ‘வஸ்மீ’யிடம் நாம் பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

மவ்ஸிம் என்பது வழிபாட்டுக் காலம் மட்டுமன்று. வணிகக் காலமும் கூட. உக்காள், மஜன்னா, துல்மஜாஸ் ஆகியவை அறியாமைக் காலத்துச் சந்தைகள். இஸ்லாம் வந்தபின் ஹஜ்ஜின்போது அங்கு வாணிபம் செய்வது பாவமாகுமோ என்று மக்கள் அஞ்சினர். இறைவனின் அருளைத் தேடுவதில் குற்றமில்லை என்று ‘அல்பகரா’ 198ஆம் வசனம் இறங்கியது. இதை அறிவிக்கும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வசனத்தை ஓதும்போது, ஹஜ்ஜின் ‘மவாஸிம்’களில் என்று விளக்கமாகச் சேர்த்து ஓதியதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. ‘மவாஸிம்’ என்பது மவ்ஸிமின் பன்மை. யாத்திரையும் சந்தையும் ஒரே சொல்லுக்குள் தங்கியிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மொராக்கோவில் இறைநேசர்களின் அடக்கத்தலங்களில் ஆண்டுதோறும் நிகழும் விழாவும் சந்தையும் கலந்த கூட்டத்திற்கு இன்றும் ‘மூஸம்’ என்றே பெயர்.

இவ்விடத்தில் உஸூலுல் ஃபிக்ஹில் நாம் பயிலும் ஒரு பாகுபாடு உதவுகிறது. ஒரு சொல் முதன்முதலில் எப்பொருளுக்காக அமைக்கப்பட்டதோ அது மொழிவழி மெய்ப்பொருள் (ஹகீகத் லுகவிய்யா). ஒரு தொழிலாரிடம் அல்லது துறையாரிடம் அது தனிப்பொருள் பெற்றால் அது சிறப்பு வழக்கு (உர்ஃபு காஸ்). பொதுமக்கள் அனைவரிடமும் பொருள் மாறி நிலைத்தால் பொது வழக்கு (உர்ஃபு ஆம்). ‘தாப்பா’ என்பது நிலத்தில் ஊர்வன நடப்பன அனைத்துக்கும் உரிய சொல்லாயிருந்து, வழக்கில் நாற்கால் விலங்கைக் குறித்து நின்றது என்பது பாடநூல்கள் தரும் எடுத்துக்காட்டு. ‘மவ்ஸிம்’ இம்மூன்று படிகளையும் கடந்தது. குறியிட்ட வேளை என்பது மொழிவழிப் பொருள். மாலுமிகளிடம் அது பெற்றது சிறப்பு வழக்கு. இன்று உலகம் அறிந்த மழை, பொது வழக்கு. இடைப்பட்ட அந்த மாலுமிப் பொருளைத்தான் நாம் இழந்துவிட்டோம்.

மாலுமிகளிடம் மவ்ஸிம் என்பதன் பொருள் யாது? ஒரு குறிப்பிட்ட துறையிலிருந்து மற்றொரு குறிப்பிட்ட துறைக்குப் பாய்விரித்துப் புறப்படத் தக்க நாட்கள். காற்றுக்கு அவர்களிடம் வேறு பெயர்கள் இருந்தன. தென்மேற்குக் காற்று ‘கௌஸ்’. வடகிழக்குக் காற்று ‘அஸ்யப்’. காற்று வீசிக்கொண்டிருக்கும், மவ்ஸிம் முடிந்திருக்கும். தென்மேற்குக் காற்று உச்சத்தில் இருக்கும் ஆனி, ஆடி மாதங்களில் அறபிக்கடலில் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அப்போது கடலில் இறங்குவோர் இல்லை. காற்று எழும் தொடக்கமும் தணியும் கடைசியுமே பயணத்திற்கு உரியவை. ஆகவே மவ்ஸிமைக் காற்று என்று மொழிபெயர்ப்பதும் முழுதும் சரியன்று.

ஜுல்ஃபாரைச் சேர்ந்த அஹ்மத் இப்னு மாஜித், ஏறத்தாழ 1490இல் எழுதிய ‘கிதாபுல் ஃபவாயித்’ என்னும் கடலியல் நூலில் இம்மவ்ஸிம்களுக்கு விரிவான இடம் ஒதுக்கியுள்ளார். ஜி. ஆர். திப்பெட்ஸ் 1971இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாக இன்று அதனைப் பலரும் படிக்க இயலும். அந்நூலில் நம்மைப் போன்றோரின் கவனத்தை ஈர்ப்பது நாட்கணக்கு. ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு. ஏறத்தாழ 354 நாட்கள். கதிரவன் கணக்கிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் பின்னே நகரும். ரமளான் கோடையிலும் குளிரிலும் மாறி மாறி வருவது இதனாலேயே. காற்றோ கதிரவனைப் பின்பற்றுவது. எனவே ‘ஷவ்வால் பிறை 10இல் புறப்படுக’ என்று ஒரு மாலுமி எழுதிவைத்தால் சில ஆண்டுகளில் அக்கணக்கு கப்பலைக் கவிழ்த்துவிடும். ஆதலின் நோன்புக்குப் பிறை பார்த்த அதே முஅல்லிம்கள், கப்பலுக்குப் பாரசீகரின் நைரூஸ் ஆண்டைக் கைக்கொண்டனர். நைரூஸ் தொடங்கி இத்தனையாம் நாள் என்று 365 வரை எண்ணிச் சென்றனர். அவ்வாண்டிலும் லீப் நாள் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாள் நழுவும். இப்னு மாஜிதின் காலத்தில் அந்த நைரூஸ் நவம்பர் நடுவில் வந்தது. ஒரு மாலுமியின் வாழ்நாளுக்குள் அந்த நழுவலைத் திருத்திக்கொள்ள முடியும்.

இது மாலுமிகளின் தனிச் சிக்கலாக மட்டும் இருக்கவில்லை. முன்பணம் கொடுத்துப் பின்னர்ப் பொருள் பெறும் ‘ஸலம்’ ஒப்பந்தத்தில் தவணை ஐயமின்றி அறியப்பட்டிருத்தல் வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிபந்தனை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’, தவணையை அறபியரின் மாதங்களால் குறிப்பதோடு பாரசீகர், ரோமர் மாதங்களால் குறிப்பதையும் அனுமதிக்கிறது. அறுவடை, ஹாஜிகள் வந்து சேர்தல் போன்ற முன்பின்னாகக்கூடிய நிகழ்வுகளைத் தவணையாக வைத்தல் செல்லாது என்று விரிவுரையாளர்கள் தெளிவுபடுத்துகின்றனர். நம் கடலோர மதரஸாக்களில் மாணவர்கள் இப்பகுதியை ஓதும்போது, பாரசீக மாதம் நமக்கு எதற்கு என்று கடந்துவிடுவதுண்டு. காற்றை நம்பிய வணிகனுக்கு அது வெற்று வாசகமன்று. ‘காற்று எழும்போது தருகிறேன்’ என்பது செல்லாத தவணை. ‘நைரூஸ் 100ஆம் நாள் தருகிறேன்’ என்பது செல்லும் தவணை. மாலுமியின் எண்ணும், ஃபகீஹின் நிபந்தனையும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

இனிப் போர்த்துக்கீசியர். வாஸ்கோ ட காமா 1498 ஏப்ரல் 24இல் ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து ஒரு வழிகாட்டியுடன் புறப்பட்டு மே 20இல் கள்ளிக்கோட்டைப் பகுதியை அடைந்தார், 26 நாட்கள். அந்த வழிகாட்டி இப்னு மாஜிதே என்று நம் எழுத்தாளர் பலர் எழுதியுள்ளனர். அதற்கு அடிப்படை, பல பத்தாண்டுகள் கழித்து மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் அந்நஹ்ரவாலீ எழுதிய வரலாற்றுக் குறிப்பு. போர்த்துக்கீசிய ஆதாரங்களோ அவரைக் குஜராத்தி என்கின்றன. ஆய்வாளர்கள் இன்று இப்னு மாஜித் கதையை ஏற்பதில்லை. நாமும் அதை விட்டுவிடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. கற்றுக்கொள்ள வேண்டியது திரும்பும் பயணத்தில் இருக்கிறது. மவ்ஸிமுக்குக் காத்திராமல் காமா அக்டோபர் தொடக்கத்தில் அஞ்சதீவிலிருந்து மேற்கே பாய்விரித்தார். எதிர்க்காற்றும் காற்றின்மையும் மாறி மாறி வருத்த, 1499 ஜனவரி 2ஆம் நாள்தான் ஆப்பிரிக்கக் கரை கண்ணில் பட்டது. 26 நாட்களில் கடந்த கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள். பல்லீறு வீங்கும் ஸ்கர்வி நோயில் சுமார் 30 பேர் அக்கடலிலேயே மாண்டனர். கிழக்கே வரக் காற்றும் வழிகாட்டியும் கிடைத்திருந்தன. எந்நாளில் திரும்ப வேண்டும் என்பது அவர்களுக்கு இன்னும் கைவரவில்லை.

பின்னர் கைவந்தது. மவ்ஸிம் அவர்கள் நாவில் ‘மொன்சாவ்ன்’ போன்ற ஒலியைப் பெற்றது. சொல் மட்டுமன்று, பொருளும் அப்படியே சென்றது. லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் இடையே ஆண்டுதோறும் கப்பல் புறப்படும் பருவத்தில் அனுப்பப்பட்ட அரசாங்கக் கடிதத் தொகுதிகளுக்கு ‘மான்சூன் ஏடுகள்’ என்றே பெயரிட்டனர். அவை கோவா ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இதைவிட வியப்பு பிரேசிலில். 18ஆம் நூற்றாண்டில் சாவ் பாவ்லோ பகுதியிலிருந்து உள்நாட்டுச் சுரங்கப் பகுதிகளுக்கு ஆற்று வழியே குறித்த காலத்தில் கூட்டமாகப் படகில் சென்ற பயணங்களுக்கும் அதே சொல்லையே வழங்கினர். அங்கு அறபிக்கடலும் இல்லை, தென்மேற்குக் காற்றும் இல்லை. குறித்த வேளையில் கூடிப் புறப்படுதல் என்ற பொருள் மட்டும் மிஞ்சியிருந்தது. மக்காவின் ஹஜ்ஜுக் கூட்டத்திற்கு உரிய சொல், தென் அமெரிக்க ஆற்றுப் படகுகள் வரை சென்றதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் இச்சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தில் தோன்றுகிறது. இதன் வரலாற்றை ஆராய்ந்தவர்களுள் நமக்கு நெருக்கமான ஒருவர் உண்டு. ஆர்தர் கோக் பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். அங்குள்ள அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். கர்னல் ஹென்றி யூலோடு சேர்ந்து அவர் தொகுத்ததே ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ எனும் புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி. 1882இல் பர்னல் மறைந்தார்; 1886இல் யூல் நூலை வெளியிட்டார். அதில் மான்சூன் பற்றிய பதிவு, அகராதிகளைப் பற்றியே ஒரு குறையைச் சொல்கிறது. மவ்ஸிம் என்பதற்கு மாலுமிகளிடம் வழங்கிய பொருளை, ஒன்று நீங்கலாக, அறபி அகராதிகள் தரவில்லை. ஆயினும் அப்பொருள் அறபி வழிகாட்டிகளிடம் இருந்தது உறுதி என்பது அப்பதிவின் கருத்து. அதற்குச் சான்றாக அது காட்டுவது உஸ்மானியக் கடற்படைத் தலைவர் ஸீதீ அலீ ரயீஸை.

அவர் கதை தனியே எழுதத்தக்கது. 1554இல் பஸராவிலிருந்து கப்பல்களைச் சூயஸுக்குக் கொண்டு செல்லப் புறப்பட்டவர், போர்த்துக்கீசியரோடு மோதி, ‘யானைப் புயல்’ என்று மாலுமிகள் அஞ்சிய பெரும்புயலில் சிக்கிக் குஜராத் கரையில் ஒதுங்கினார். கப்பல்களை இழந்தவர் அஹ்மதாபாத்தில் இருந்தபடி, இப்னு மாஜித், ஸுலைமான் அல்மஹ்ரீ ஆகியோரின் நூல்களைத் திரட்டி அதே ஆண்டில் துருக்கியில் ‘அல்முஹீத்’ என்னும் கடல்நூலை எழுதினார். எந்தத் துறையிலிருந்து எந்நாளில் புறப்படுவது என்ற மவ்ஸிம் கணக்கு அதில் நிறைந்திருக்கிறது.

லிஸானுல் அரப் போன்ற பேரகராதிகளில் இல்லாத ஒரு பொருள் கப்பல் தட்டில் இருந்தது, காரணம் எளிது. பேரகராதித் தொகுப்பாளர்கள் தூய அறபியைத் தேடிப் பாலைவனக் குலங்களிடமும் பழங்கவிதையிடமும் சென்றார்கள். மாலுமியின் பேச்சு அவர்களுக்குச் சான்றாகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் புத்ருஸ் அல்புஸ்தானீ பெய்ரூத்தில் தொகுத்த ‘முஹீதுல் முஹீத்’, லெபனான் மக்களிடம் மவ்ஸிம் என்றால் பட்டு எடுக்கும் காலம் என்று பதிவு செய்கிறது. ஹாப்ஸன்-ஜாப்ஸன் பதிவு இதை எடுத்துக்காட்டி, லெபனானுக்குப் பட்டு எப்படியோ ஏமனுக்குக் கடற்பயணம் அப்படி என்று சரியாகவே உணர்த்துகிறது. எவருக்கு எது ஆண்டின் முக்கிய வேலையோ அதன் வேளையே அவருக்கு மவ்ஸிம்.

இனி நம் கரைக்கு வருவோம். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிய வெள்ளாறு கிழக்கே ஓடிப் பறங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்றும், முஸ்லிம்கள் மஹ்மூத் பந்தர் என்றும் வழங்கிய துறை அது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அங்கிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் அச்சே, கெடா, மலாக்கா துறைகளுக்குத் துணி ஏற்றிச் சென்றன. ஈயமும் பாக்கும் மிளகும் யானைகளும் ஏற்றி வந்தன. ஆங்கிலேய ஆவணங்கள் இவர்களைச் ‘சூலியா’ என்று குறிக்கின்றன. தென்மேற்குக் காற்றில் கிழக்கே போவது, வடகிழக்குக் காற்றில் மேற்கே திரும்புவது என்பது அவர்கள் வாழ்க்கையின் ஒழுங்கு. அக்கரையில் மலாய் மக்களும் பருவத்தை ‘மூஸிம்’ என்றே சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். மழைக்காலமும் மூஸிம், துரியான் பழுக்கும் காலமும் மூஸிம். துருக்கியில் ‘மெவ்ஸிம்’, கிழக்கு ஆப்பிரிக்க ஸ்வாஹிலியில் ‘ம்ஸிமு’, உருதுவில் ‘மௌஸம்’. ஓர் ஏமன் மாலுமியும் ஒரு பறங்கிப்பேட்டை நகுதாவும் ஒரு மலாய் ஷாபந்தரும் ஒரே சொல்லால் நாள் குறித்திருக்க முடியும்.

வேளை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கரையே சான்று. சோழமண்டலக் கரையில் பெரும் கப்பல்கள் ஒதுங்கத் தக்க மறைவான துறை கிடையாது. திறந்த கடலில்தான் நங்கூரம். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே நிற்பது ஆபத்து. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, பேரம் முடியாமல் அக்டோபர் நடு வரை அங்கேயே தங்கினார். 13ஆம் நாள் இரவு எழுந்த புயல் அவருடைய கடற்படையைச் சிதறடித்தது. 1749 ஏப்ரலில், காற்று மாறும் வேளையில், கடலூர்ப் புனித டேவிட் கோட்டைக்கு அருகே ஆங்கிலேயரின் ‘நேமூர்’ போர்க்கப்பல் 500க்கும் மேற்பட்டவரோடு மூழ்கியது.

வணிகனுக்கு வேளை தவறுதல் என்பது பெரும்பாலும் சாவு அன்று, காத்திருத்தல். கள்ளிக்கோட்டையில் சீனக் கப்பலின் பருவத்திற்காக இப்னு பத்தூத்தா மூன்று மாதம் காத்திருந்தார். அக்கரையில் சரக்கு விற்று முடியாதவர் அடுத்த காற்று வரை அங்கேயே தங்கினார். தங்கியவருக்கு ஒரு வீடு வேண்டும், தொழப் பள்ளி வேண்டும். பலருக்குக் குடும்பமும் அமைந்தது. 1786இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கியபோது நம்மவர் அங்கு உடனே தெரு அமைத்துக்கொள்ள முடிந்ததும், 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்ததும் இந்தக் காத்திருப்பின் நெடிய பழக்கத்தினாலேயே. தமிழ் முஸ்லிம்களின் கடல் கடந்த வரலாற்றை எழுதுவோர் வீரத்தையும் செல்வத்தையும் மிகுத்துச் சொல்கிறார்கள். காத்திருந்த மாதங்களைப் பற்றியும், அம்மாதங்களில் இக்கரையில் காத்திருந்த பெண்களைப் பற்றியும் எழுதுவது அரிது.

நீராவிக் கப்பல் வந்தபின் எல்லாம் மாறியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. எந்திரத்திற்கு மவ்ஸிம் தேவையில்லை. 20ஆம் நூற்றாண்டில் ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு சென்றவர்களின் பயணச்சீட்டில் இருந்தது தேதி, காற்று அன்று. மாலுமிப் பொருள் இறந்த அதே காலத்தில் சொல்லை வேறொரு கூட்டத்தார் கையில் எடுத்தனர். 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம், மழை வருமா என்ற கேள்வியை அரசாங்கத்தின் கேள்வியாக்கியது. ஹென்றி பிளான்ஃபோர்ட் 1886 முதல் பருவ முன்னறிவிப்பை வெளியிடலானார். கப்பலின் புறப்பாட்டு நாள், வரி வசூலிப்போரின் மழைக் கணக்காக மாறிற்று. மான்சூன் என்றால் மழை என்பது அப்படித்தான் பொது வழக்காக நிலைத்தது.

அவ்வழக்கிலும் நம் பகுதிக்கு ஒரு நியாயம் கிடைக்கவில்லை என்பது எமது கருத்து. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 48 விழுக்காடும், கடலோர மாவட்டங்களில் ஏறக்குறைய 60 விழுக்காடும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்கிறது. ஆங்கிலப் புவியியல் பாடநூல்களோ இக்காலத்தை நெடுநாளாகப் ‘பின்வாங்கும் மான்சூன்’ என்று சொல்லிக் கொடுத்தன. டெல்லியில் நின்று பார்த்தால் அது பின்வாங்குவதுதான். வெள்ளாற்றங்கரையில் நின்று பார்த்தால் அப்போதுதான் வருகிறது. வீராணத்திற்கு மட்டும் இரு பருவமும் உண்டு. குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை மேட்டூரில் தேங்கி, கொள்ளிடம் கீழணை வழியாக வடவாற்றில் ஏறி ஏரிக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழை நேரே தலைமேல் பெய்கிறது. பாசன உழவர் ஜூன் 12ஐ எதிர்பார்ப்பதும் ஒரு மவ்ஸிம்தான். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் அது. நீர் இருப்பு இல்லாத ஆண்டுகளில் தள்ளிப்போவதும் உண்டு. அப்போது அறுவடையைத் தவணையாக வைத்தவன் படும் பாட்டை ஃபிக்ஹு நூல் படிக்காதவரும் அறிவர்.

பயன்பாட்டைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். சொல்லின் பொருள் அறிவது ஒன்று. அது எந்த வினையோடு சேரும் என்று அறிவது வேறு. ஆங்கிலத்தில் மான்சூன் ‘உடையும்’. தமிழில் அப்படிச் சொன்னால் ஏரி உடைந்ததென்று மக்கள் ஓடுவர். ஆங்கிலத்தில் அது ‘தோற்கும்’. தமிழில் மழை ‘பொய்க்கும்’. வருவேன் என்று சொன்னது வராமல் போனதைப் போன்ற மனத்தாங்கல் நம் சொல்லில் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் ஜூலை மாதக் கூட்டத்தொடரையும் ஆங்கிலத்தில் மான்சூன் கூட்டத்தொடர் என்கின்றனர். அங்கு மழைக்கு வேலையில்லை. குறித்த வேளையில் கூடுதல் என்ற பழைய பொருளே, சொல்பவர் அறியாமல், அதில் உயிர்த்திருக்கிறது. நமது ‘பருவம்’ என்னும் சொல்லும் வடமொழி ‘பர்வன்’ என்பதன் வழி வந்ததே. அதற்கு மூங்கிலின் கணு, மூட்டு என்று பொருள். காலத்தின் நீண்ட கழியில் கணு விழும் இடம் பருவம். காலத்தின் மேல் குறி விழும் இடம் மவ்ஸிம். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் இவ்வளவு அருகில் வந்து நிற்பதால் ‘பருவக்காற்று’ என்ற மொழிபெயர்ப்பை நாம் சிறந்ததாகவே கருதுகிறோம். ‘பருவமழை’யில் காலமேனும் தங்கியிருக்கிறது. வெறுமனே ‘மான்சூன் பெய்தது’ என்று தமிழில் எழுதும் இன்றைய வழக்கில் அதுவும் போய்விடுகிறது.

இதில் அகீதாவைத் தொட்ட ஒரு நுட்பமும் உண்டு. ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்த காலையில், இன்ன நட்சத்திரத்தால் மழை பெற்றோம் என்று சொல்வோரைக் கண்டிக்கும் நபிமொழியை ஸைத் இப்னு காலித் (ரலி) அறிவிக்கிறார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தமது ‘அல்உம்மு’வில் இதை விளக்குகையில், இன்ன நட்சத்திரத்தின் காலத்தில் மழை பெற்றோம் என்ற கருத்தில் ஒருவர் சொன்னால் அது இறைமறுப்பு ஆகாது என்றும், ஆயினும் வேறு சொற்களில் சொல்வதே தமக்கு விருப்பம் என்றும் கூறுகிறார். காலத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் காரணத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் இடையே அவர் கோடு கிழிக்கிறார். ‘மான்சூன் மழை தந்தது’ என்று எழுதும் செய்தியாளர் அக்கோட்டைக் கடந்துவிட்டதாக யாரும் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஆனால் மவ்ஸிம் என்பது வேளையின் பெயர், கொடுப்பவனின் பெயரன்று என்பதை அறிந்த மாணவன் அவ்வாக்கியத்தை வேறு விதமாக எழுதுவான்.

நம் அறபிக் கல்லூரிகளில் ஆங்கிலப் பாடம் இடம்பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலும் அது இரு பத்திச் சொற்பட்டியலாகவே நடக்கிறது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். அதே மாணவர்கள் அறபிச் சொல் ஒன்றைக் கற்கும்போது வேர் கேட்கிறார்கள், சான்று கேட்கிறார்கள், ஹகீகத்தா மஜாஸா என்று வாதிடுகிறார்கள். ஆங்கிலச் சொல்லிடம் மட்டும் அக்கேள்விகளைக் கேட்காமல் விடுகிறார்கள். அது பிறருடைய மொழி, மனனம் செய்தால் போதும் என்ற எண்ணமே காரணம். வீராணம் கரையிலுள்ள லால்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக லிஸானையும் மின்ஹாஜையும் புரட்டியவர்களுக்கு ஹாப்ஸன்-ஜாப்ஸனைப் புரட்டுவது கடினமான வேலையாக இராது.

முன்பு விட்டுவந்த ‘வஸ்மீ’ பற்றிய செய்தி எஞ்சியிருக்கிறது. வளைகுடா நாடுகளில் நாட்டார் பருவக் கணக்கு இன்றும் வழக்கில் உள்ளது. அக்கணக்கில் அக்டோபர் நடுவில் தொடங்கி ஏறத்தாழ 50 நாட்கள் நீளும் காலத்திற்கு ‘அல்வஸ்ம்’ என்று பெயர். அதன் முதல் மழையைக் கண்டால் குவைத்திலும் கத்தரிலும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அம்மழையில் பாலையில் காளான் முளைக்கும் என்று மக்கள் எதிர்பார்க்கின்றனர். கடலூர் மாவட்டத்துக் கடலோர ஊர்களிலிருந்து அங்கு வேலைக்குச் சென்றிருப்போர் பலர். அவர்கள் தம் முதலாளியின் வாயிலிருந்து ‘வஸ்ம் வந்துவிட்டது’ என்று கேட்கும் அந்த வாரத்தில்தான், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் வெள்ளாற்று நீர் நிறம் மாறத் தொடங்குகிறது.